வீட்டில் தீனி எலி வளர்ப்பு: பாம்பை விட எலிக்கே வேலை அதிகம்

வளர்ந்த பால் பைத்தான் (ball python) என்ற சிறு மலைப்பாம்பு ஒன்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஓர் எலி போதும். ஆண்டுக்கு 26 எலி. மூன்று வாரத்துக்கு ஒன்று கொடுத்து நல்ல உடல்வாகோடு வைத்திருப்பவர்களும் உண்டு. ஓர் ஆண், இரண்டு பெண் என்று மூன்று எலிகளை வைத்து, தாய்க்கு ஓய்வு விட்டு நிதானமாக ஈன வைத்தாலும் ஆண்டுக்கு நூறு குட்டிக்கு மேல் வந்துவிடும். 'எலியையும் நாமே வளர்த்தால் காசு மிச்சம்' என்று இறங்குபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை. மிஞ்சும் எழுபது எண்பது எலிகளுக்கு இடமும் தீனியும் வேதனையில்லாத சாவும் யாராவது ஏற்பாடு செய்தாக வேண்டும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எட்டுப் பத்துப் பாம்புக்குக் கீழே வைத்திருப்பவர், ஊர்வன விற்கும் கடைகளில் கிடைக்கும் உறைந்த எலியை வாங்குவதே மேல். சொந்த வளர்ப்புக்கு அர்த்தம் வருவது இரண்டு இடங்களில்தான். பாம்புகளின் எண்ணிக்கை அதிகமாக இருக்கும்போது ஒன்று. பாம்புகளை ஈன வைத்து, பொரித்த குட்டிகளுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு பிங்கி, அதாவது ரோமம் முளைக்காத எலிக்குட்டி, தொடர்ந்து தேவைப்படும்போது இன்னொன்று.

பத்துப் பாம்பு என்றால் கணக்கு இப்படிப் போகும். ஆண்டுக்கு 260 எலி, மாதத்துக்கு ஏறக்குறைய 22. ஒரு தாய் எட்டு ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை ஈன்று, ஒவ்வொரு ஈற்றிலும் ஒன்பது குட்டியைப் பால் மறக்கும் வரை கொண்டுவந்தால் ஆண்டுக்கு ஐம்பத்தைந்து குட்டி. ஏட்டுக் கணக்கில் ஐந்து பெண் போதும். சினை பிடிக்காதது, வயதானது, குட்டியைத் தின்பது எல்லாம் கழித்தால் ஏழு பெண்ணும் இரண்டு ஆணும் வேண்டும். ஒன்றரை கிலோ பாம்புக்கு அதன் எடையில் 5 முதல் 6 விழுக்காடு, அதாவது 75 முதல் 90 கிராம் எலி தேவை. பிறந்த குட்டி அந்த எடைக்கு வர ஐந்து ஆறு வாரம் பிடிக்கும். ஆக எந்த நாளில் எண்ணினாலும் வீட்டில் வளர்ந்தது ஒன்பதும் சிறியது முப்பதும் இருக்கும். நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் தீனி போகும். மாதத்தில் 15 முதல் 18 கிலோ. இது ஒரு சிறு பண்ணை. பாம்புகளை ஒரு வாரம் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வரலாம். எலிகளை ஒரு நாள்கூட அப்படி விட முடியாது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்தப் பண்ணையின் முதல் எதிரி வெயில். ஆய்வுக்கூடங்களில் எலிக்கும் சுண்டெலிக்கும் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வைக்கிறார்கள். நம் ஊரில் பகலில் 32, 33 என்பது ஆண்டு முழுக்கச் சாதாரணம். எலிக்கு வேர்க்காது, நாயைப் போல மூச்சிரைத்தும் சூட்டைத் தணிக்காது. வாலில் ரத்த ஓட்டத்தைக் கூட்டி வெப்பத்தை வெளியே விடும். அதற்கும் மேல் போனால் எச்சிலை ரோமத்தில் பூசிக்கொள்ளும். காற்றில் ஈரம் 80 விழுக்காட்டில் நிற்கும்போது அந்த எச்சில் காய்வதில்லை. பக்கவாட்டில் நீண்டு படுத்து, வாய் ஓரமும் கழுத்தும் நனைந்திருக்கும் எலி ஆபத்தில் இருக்கிறது. உடனே குளிர்ந்த தரையில், காற்றோட்டத்தில் வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொண்டால் உள்ளே உள்ள சூடு வெளியே வர வழி இருக்காது.

சாகாமல் தப்பினாலும் வேறொரு நஷ்டம் காத்திருக்கிறது. ஆண் எலியின் விந்தணு உருவாகி முடிய ஐம்பது நாளுக்கு மேல் ஆகும். கடும் வெப்பம் ஒரு வாரம் நீடித்தால் அதன் பாதிப்பு அடுத்த இரண்டு மாதம் தெரியும். பெண்கள் எல்லாம் நன்றாக இருக்கும், சினை மட்டும் பிடிக்காது. வளர்ப்பவர் தீனியை மாற்றிப் பார்ப்பார், ஆணை மாற்றிப் பார்ப்பார். கோளாறு எப்போதோ கடந்துபோன ஒரு வெயில் வாரத்தில் இருக்கும். பால் கொடுக்கும் தாய்க்கோ வெயிலில் பசி குறையும். பசி குறைந்தால் பால் குறையும். குட்டிகள் சோடையாக நிற்கும். சுண்டெலி உடம்பு சிறியது என்பதால் சூட்டைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அதற்கும் எல்லை உண்டு.

எனவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. தகரக் கூரைக்கு அடியில் உள்ள பின்கட்டு, மேற்கு வெயில் அடிக்கும் பால்கனி, காற்று நுழையாத ஸ்டோர் ரூம் மூன்றும் வேண்டாம். தரைவீட்டின் கீழ்த்தளத்தில் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த அறை, எதிரெதிர் ஜன்னல், அழுக்குக் காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் காற்றாடி இருந்தால் ஏர்கோன் இல்லாமலும் ஓரளவு நடத்தலாம். மதியம் 12 முதல் 5 வரை அறை 30 டிகிரிக்கு மேல் போனால் ஏர்கோன் வேண்டும். அந்த மின்கட்டணத்தையும் எலியின் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். உச்ச அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, அறைச் சுவரில் மாட்டாமல், எலித் தொட்டிகள் வைக்கும் அடுக்கின் மேல் தட்டில் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே வையுங்கள். தொட்டிக்குள் அறையை விட ஓரிரு டிகிரி எப்போதும் கூடுதலாக இருக்கும்.

ஃபிளாட்டிலும் கொண்டோவிலும் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள், அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணிகளை வைத்திருப்பதைத் தடை செய்கின்றன. பாம்பைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமலே இருக்கலாம். எலி வாடை தெரியாமல் இருக்காது. அதிலும் ஆண் சுண்டெலியின் சிறுநீர் வாடை எலியை விடப் பல மடங்கு கடுமை. தினமும் சுத்தம் செய்தாலும் துணியில் ஏறும். ஃபிளாட்டில் சுண்டெலிப் பண்ணை வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அந்த வாடைக்குப் பின்னால் எலியைக் கொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. ஈரமும் சூடும் கூடினால் மாற்றமும் வேகமாகும். குளிர் நாட்டு வழிகாட்டிகளில் 'வாரம் ஒரு முறை மாற்றவும்' என்று இருந்தால் இங்கே வாரம் இரண்டு முறை என்று படித்துக்கொள்ள வேண்டும். மனித மூக்குக்கு அம்மோனியா நெடி அடிக்கிறது என்றால் தரையோடு மூக்கு வைத்து வாழும் எலிக்கு அது ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. எலிகள் பலவற்றின் மூச்சுக்குழாயில் மைக்கோப்பிளாஸ்மா என்ற கிருமி சத்தமில்லாமல் குடியிருக்கும். அம்மோனியா மூச்சுக்குழாயின் உள்தோலை அரித்ததும் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எலியைக் காதோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நல்ல எலியிடம் எந்தச் சத்தமும் வராது. நோய் கண்டதில் காய்ந்த இலையைக் கசக்குவது போன்ற மெல்லிய நொறுநொறுப்பு மூச்சுக்கு மூச்சு கேட்கும். கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் சிவப்பாகக் கசிந்திருந்தால் அது ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. எலி ஏதோ ஒரு நெருக்கடியில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். இந்த எலிகளை இனப்பெருக்கத்தில் வைத்திருக்கக் கூடாது.

படுக்கைக்குச் சூளையில் உலர்த்திய பைன் சீவல், பூனைக்கு விற்கும் பைன் மர உருண்டை, வாசனை சேர்க்காத காகித உருண்டை மூன்றும் சரி. 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழம் போடலாம். நாற்காலி மேசைப் பட்டறையில் சும்மா கிடைக்கும் மரத்தூளை எடுக்காதீர்கள். அதில் பூச்சி மருந்து ஏற்றிய மரம், பசைப் பலகை எல்லாம் கலந்திருக்கும். தூசியே நுரையீரலுக்குக் கேடு. பழைய படுக்கையை இரட்டைப் பையில் கட்டிக் குப்பை வண்டி வரும் நாளில் மட்டும் வெளியே வைப்பது அண்டை வீட்டாரோடு சமாதானமாக இருக்க உதவும்.

தொட்டிக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 25க்குக் குறையாத உயரம் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி வசதி. குட்டியோடு இருக்கும் தாய் எலிக்கு ஆய்வுக்கூடங்கள் வைக்கும் குறைந்தபட்சத் தரை 800 சதுர சென்டிமீட்டர்; தாய்ச் சுண்டெலிக்கு 330. இது குறைந்தபட்சம் என்பதை மறக்க வேண்டாம். மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் கண் உள்ள வெல்டிங் கம்பி வலையை உள்பக்கமாக வைத்து ஆணி திருகி இறுக்க வேண்டும். கேபிள் டை போட்டால் அதைக் கடித்துத் துண்டாக்கிவிடும். 12 மில்லிமீட்டர் கண்ணில் சுண்டெலிக் குட்டி சுலபமாக நழுவும். எலி கடிப்பது விளிம்பையும் ஓட்டையையும்தான். வழவழப்பான சுவரில் பல் பதியாது. குழாய்க்காகப் போட்ட ஓட்டையைச் சுற்றி உலோக வளையம் வையுங்கள்.

தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான கூட்டச் சாவுகள் இங்கேதான் நடக்கின்றன. அழுத்தினால் சொட்டும் நிப்பிள் இரண்டு விதமாகக் கெடும். படுக்கைச் சீவல் ஒன்று ஊசியில் சிக்கினால் ஒழுகிக்கொண்டே இருக்கும். இரவில் தொட்டி நனைந்து, புதிதாகப் பிறந்த குட்டிகள் காலையில் குளிர்ந்து செத்துக் கிடக்கும். மெல்லிய ரப்பர் குழாயில் காற்றுக்குமிழி நின்றுவிட்டால் தண்ணீர் வராது. மேலே வாளி நிறைந்திருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். தாகத்தில் தாய்க்குப் பால் வற்றும், குட்டியைத் தின்னும். வளர்ந்த எலி நாளுக்கு 25 முதல் 30 மில்லிலிட்டர் குடிக்கும், பால் கொடுப்பது அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல். காலையும் மாலையும் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் அழுத்தி, சொட்டு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர வேண்டும். இதற்கு மாற்று கிடையாது.

எறும்பு இன்னொரு தலைவலி. பிறந்த குட்டிகளின் வாடைக்குச் சாரை சாரையாக ஏறி, ஒரே இரவில் ஓர் ஈற்றை முடித்துவிடும். அடுக்கின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைப்பது பழைய உபாயம். ஆனால் நம் ஊரில் அந்தத் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீருக்குப் பதிலாகப் பழைய சமையல் எண்ணெயை ஊற்றுங்கள். அடுக்கு எந்த இடத்திலும் சுவரைத் தொடக் கூடாது. தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) கொசுப்புகை அடிக்க வரும் அறிவிப்பைக் கண்டால் அந்த நேரத்துக்கு ஜன்னல்களைச் சாத்துங்கள். புகையில் உள்ள பூச்சி மருந்து எலிக்கும் கேடு, பாம்புக்கும் கேடு. புகைமூட்ட மாதங்களில் மூச்சு நோய் கண்ட எலிகள் வேகமாகச் சரியும். அந்த நாட்களில் புதிதாக இணை சேர்க்காமல் இருப்பது நல்லது.

இனி ஈற்று. பெண் எலி ஐந்து ஆறு வாரத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். அதனால்தான் ஐந்தாம் வாரத்துக்குள் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் பிரித்தாக வேண்டும். ஆனால் ஈன வைப்பதற்கு மூன்று மாதம் ஆகி, எடை 250 கிராமை ஒட்டி வரும் வரை பொறுக்க வேண்டும். அதன் பருவச் சுழற்சி 4 முதல் 5 நாள். ஆணோடு இரண்டு வாரம் விட்டால் மூன்று சுழற்சி கடந்துவிடும். அதற்கு மேல் தேவையில்லை. சினைக்காலம் 21 முதல் 23 நாள். இரண்டு வாரம் கடந்ததும் இடுப்பு இரு பக்கமும் பிதுங்குவது தெரியும். அப்போது தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கூடு கட்டக் காகிதக் கீற்று கொடுக்க வேண்டும். பிரிக்காமல் விட்டால் ஈன்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே ஆண் மறுபடி சினைப்படுத்திவிடும். ஒரு ஈற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும் தாய் சீக்கிரம் ஓய்ந்துவிடும். குட்டிகளும் ஈற்றுக்கு ஈற்று இளைக்கும்.

பிறந்த குட்டி 5, 6 கிராம் இருக்கும். ரோமமில்லாத தோல் கண்ணாடி போல் இருப்பதால் இடப்பக்க வயிற்றில் பால் நிறைந்த இரைப்பை வெள்ளைப் பட்டையாகத் தெரியும். நாளுக்கு ஒரு முறை இந்தப் பட்டையைப் பாருங்கள். எல்லாக் குட்டிக்கும் பட்டை இருந்தால் தாயை அதன் போக்கில் விட்டுவிடலாம். சிலவற்றுக்கு மட்டும் இல்லை என்றால் குட்டி அதிகம். எதற்குமே இல்லை என்றால் தாய்க்குப் பால் வரவில்லை. அன்றே அதே வயதுக் குட்டி வைத்திருக்கும் வேறு தாயிடம் மாற்ற வேண்டும். முதல் நான்கைந்து நாள் படுக்கையை முழுதாக மாற்றாதீர்கள். மாற்றும்போதும் பழைய கூட்டில் ஒரு பிடியைப் புதியதில் போடுங்கள். வாடை அடியோடு மாறினால் தாய் கலங்கிக் குட்டியைத் தின்றுவிடும். 14 நாளில் கண் திறக்கும், 24 முதல் 28 நாளில் பால் மறக்கடிக்கலாம். பிறகு தாய்க்கு இரண்டு வாரம் ஓய்வு.

சுண்டெலிக்கு ஓர் ஆணும் மூன்று நான்கு பெண்ணும் ஒரே தொட்டியில் நிரந்தரமாக இருக்கலாம். தாய்கள் எல்லாக் குட்டிகளுக்கும் சேர்ந்தே பாலூட்டும். சினை 19 முதல் 21 நாள். அவற்றில் ஆணை அடிக்கடி மாற்றுவதுதான் தவறு. சினைப்பட்ட சில நாளுக்குள் புதிய ஆணின் வாடை பட்டால் கரு நின்றுவிடும். இதை 1959இல் ஹில்டா புரூஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்டறிந்து சொன்னார். 'போன வாரம் வாங்கிய கிடா சரியில்லை, வேறு வாங்கினேன், அதுவும் சரியில்லை' என்று குறைப்படுபவர்கள் பலர் தாங்களே கருவைக் கலைத்துக்கொண்டிருப்பார்கள்.

தீனியில் மிச்சம் பிடிப்பது பாம்பின் வயிற்றில் கைவைப்பதாகும். எலி தின்றதைத்தான் பாம்பு தின்கிறது. மிச்சச் சோறும் ரொட்டியும் தின்று வளர்ந்த எலி பார்க்கப் பருமனாக இருக்கும், உள்ளே கொழுப்புதான். ஈனும் எலிக்குப் புரதம் 18 முதல் 22 விழுக்காடு உள்ள எலித் தீனி வேண்டும். கோழித் தீனி மலிவு என்பதால் பலர் அதற்குப் போகிறார்கள். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து எலிக்குத் தேவையானதை விடப் பல மடங்கு. கறிக்கோழித் தீனி சிலவற்றில் ரத்தக்கழிச்சல் மருந்து கலந்திருக்கும். அதில் மோனென்சின் போன்றவை பாலூட்டிகளுக்கு நஞ்சு. மூட்டையைப் பிரித்தால் ஒரு மாதத்தில் தீர்த்துவிட வேண்டும். இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் முழு மூட்டையும் குப்பைக்குத்தான்.

லோங்காங்கில் (சாக்கடையில்) பிடித்த எலியைப் பாம்புக்குப் போடுவதும், நல்ல ரத்தம் சேரட்டும் என்று பண்ணையில் கலப்பதும் கேட்டுக்கு வழி. அதன் உடம்பில் எலிமருந்து இருக்கலாம், ஒட்டுண்ணி இருக்கலாம், சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். எலிக்காய்ச்சல் மலேசியாவில் 2010 முதல் சுகாதார அமைச்சுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. சிந்திய தீனி வெளி எலியை வரவழைக்கும். அது வலையின் மேல் நடந்து சிறுநீர் விட்டாலே போதும். கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள். எலி கடித்த பிறகு காய்ச்சலோ மூட்டு வலியோ வந்தால் மருத்துவரிடம் எலி வளர்ப்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கியைத்தான் முதலில் தேடுவார்கள். புதிதாக வாங்கும் எலியை மூன்று நான்கு வாரம் வேறு அறையில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

கடைசியில் கொல்லும் வேலை. பலர் இதை யோசிக்காமலே தொடங்குகிறார்கள். உயிருள்ள எலியைப் பாம்பிடம் விடுவது எலிக்கும் கொடுமை, பாம்புக்கும் ஆபத்து; பசியில்லாத பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துவைத்த எலிகள் உண்டு. மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. பரவலான முறை கார்பன் டையாக்சைடு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு வாயு செலுத்த வேண்டும். 40 லிட்டர் பெட்டிக்கு நிமிடத்துக்கு 12 முதல் 28 லிட்டர். இதற்கு அளவுமானி வைத்த சிலிண்டர் தேவை. சோடா மாவில் வினிகர் ஊற்றும் முறையில் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. எலி அவதிப்பட்டுத்தான் சாகும். பிறந்த குட்டிகள் ஆக்ஸிஜன் குறைவைத் தாங்குபவை. வாயுவிலேயே ஐம்பது நிமிடம் வரை உயிரோடு இருக்கக்கூடும். செத்துவிட்டது என்று எடுத்துவைத்த குட்டி ஃபிரீசரில் கண் விழிக்கும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது. உயிரோடு உறைய வைப்பதும் அதே கொடுமைதான். குட்டிகளுக்கு வாயுவுக்குப் பின் சாவை உறுதிசெய்யும் இரண்டாவது முறை ஒன்று வேண்டும்; அதைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு மனமில்லாதவர் எலி வளர்ப்பில் இறங்கவே வேண்டாம்.

செத்த உடலைச் சூடு ஆறுவதற்குள் குவித்துப் பையில் போட்டால் நடுவில் உள்ளவை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்து குடல் அழுகிவிடும். உருக்கும்போது வயிறு பச்சையாகக் காட்டினால் காரணம் இதுதான். தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி ஃபிரீசரில் கெட்டியாக்கிய பிறகு, காற்றைப் பிழிந்தெடுத்த ஜிப் பையில் தேதியும் எடையும் எழுதிப் போடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. நாளாக நாளாக வைட்டமின் ஈ குறையும்.

உருக்குவதற்கு முதல் நாள் இரவே பையோடு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நம் அறை வெப்பத்தில் மேசை மேல் வைத்தால் நடு உருகுவதற்குள் தோல் கெட்டுப்போகும். கொடுப்பதற்கு முன் 40 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் பதினைந்து நிமிடம். வயிற்றை அழுத்தினால் உள்ளே ஐஸ் தட்டுப்படக் கூடாது. மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும். ரோமத்தைத் துடைத்து, நீண்ட இடுக்கியில் இடுப்பைப் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி நீட்டுங்கள். இரவு கொடுத்ததைக் காலைக்குள் தொடாவிட்டால் எடுத்து எறிந்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது.